சென்னையிலிருந்து ஏரிக்கரை ஊர்கள்: பழவேற்காடா, வீராணமா, மலை ஏரிகளா?

காரை எடுத்துக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிக்கரை ஊருக்குப் போகலாம் என்று சென்னையில் பேச்செடுத்தால், முதலில் வரும் பெயர் ஏலகிரி. அடுத்தது ஏற்காடு. நாலு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் கொடைக்கானல். மூன்றும் நல்ல ஊர்கள்தான். ஆனால் ஏரிக்காகவே போகிறோம் என்றால் இந்த வரிசையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குளிருக்காகப் போகும் ஊர் வேறு, ஏரிக்காகப் போகும் ஊர் வேறு. ஏரியை நம்பி வயலும் வலையும் பிழைக்கிற ஊர்கள் நமக்கு இன்னும் பக்கத்திலேயே இருக்கின்றன.

முதலில் மலைகளைப் பார்த்துவிடலாம். ஏலகிரி சுமார் 230 கிலோமீட்டர். வாணியம்பாடி தாண்டிப் பிரிந்தால் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே ஏறுவார்கள். மேலே புங்கனூர் ஏரி செயற்கையானது, சிறியது. ஒரு படகுச் சவாரி, கரையைச் சுற்றி ஒரு நடை, அவ்வளவுதான். ஏற்காட்டு ஏரி இயற்கையானது. ஊரே அதைச் சுற்றித்தான் இருக்கிறது, காப்பித் தோட்டங்களும் உண்டு. ஆனால் சேலம் வரை போய் 20 வளைவுகள் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாலையிலேயே போய்விடும்.

கொடைக்கானல் கதை வேறு. நட்சத்திர வடிவிலான அந்த ஏரியை 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வெரா லெவிஞ் உருவாக்கினார். சுற்றிவர 5 கிலோமீட்டர் சாலை. காலை 6 மணிக்கு, வாடகை சைக்கிள்களும் குதிரைகளும் வருவதற்கு முன் அந்தச் சாலையில் நடப்பதற்கு ஈடில்லை. ஆனால் சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு நடைமுறைக்கு வந்திருக்கிறது. கிளம்பும் முன் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாலு நாளுக்குக் குறைவாக இருந்தால் போகாதீர்கள், பாதி நேரம் வண்டியில் உட்கார்ந்தே தீரும்.

சரி, சமவெளிக்கு வருவோம்.

தூரத்தை மட்டும் பார்த்தால் பழவேற்காட்டை எதுவும் மிஞ்ச முடியாது. பொன்னேரி வழியாக 60 கிலோமீட்டர்தான். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, ஊர் நம்முடையது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். கோட்டையில் இன்று புதரும் மேடும்தான் மிச்சம். கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கிய தூண்களை நின்று பாருங்கள். மீனவர்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்பதைப் 'பாடு' என்ற முறைப்படி தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இறாலும் நண்டும் கரைக்கு வரும் நேரத்தில் போனால் அந்த வாழ்க்கையைக் கண்ணால் பார்க்கலாம்.

குறை என்ன? தங்குவதற்குச் சொல்லிக்கொள்ளும்படி இடம் இல்லை. நிழலும் குறைவு. படகு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். யாராவது கூப்பிட்டாலும், அனுமதியும் உயிர்காப்பு உடையும் இல்லாமல் ஏறவே கூடாது. பூநாரை பார்க்கப் படகு தேவையும் இல்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் சூளூர்பேட்டை வரை போய் ஸ்ரீஹரிகோட்டா சாலையில் திரும்பினால், அந்தச் சாலை ஏரிக்கு நடுவிலேயே ஓடுகிறது. குளிர்காலத்தில் இரு பக்கமும் பறவைகள்தான்.

தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் மதுராந்தகம், வேடந்தாங்கல் இரண்டையும் ஒன்றாகவே கணக்கில் எடுக்க வேண்டும். சோழர் காலத்து மதுராந்தகம் ஏரி ஒரு பெரிய ஏரி. கரையை ராமனும் லட்சுமணனும் காத்து நின்றதை ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டார் என்ற கதையால், அங்கே இருக்கும் பெருமாள் ஏரிகாத்த ராமர். சில ஆண்டுகளாகத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்துவருவதால், தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. அதே பிளேஸ்தான் 1798-இல் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊர்க்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் துப்பாக்கி தூக்கி வந்தவர்களை எதிர்த்து நின்றார்கள். சுமார் 30 ஹெக்டேர்தான், ஆனால் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கூடு கட்டும். படாளம் கூட்டுரோட்டில் பிரிய வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை, மாலை 4 மணிக்கு மேல் கரையில் நின்றால் போதும், பறவைகள் இரை தேடி முடித்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் பட்டியலிலேயே சிறந்தது இதுதான்.

ஆனால் ஓர் இரவு தங்கும் பயணம் என்றால் என் ஓட்டு வீராணத்துக்கு.

சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஏலகிரி தூரமேதான். விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்பு. அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் வரை ஏரிக்கரை மேலேயே சாலை போகிறது. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டாத தண்ணீர், மறுபக்கம் கீழே நெல் வயல். இப்படி ஒரு வண்டிப் பாதை நமக்குப் பக்கத்தில் வேறெங்கும் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய ஏரி, பத்தாம் நூற்றாண்டு. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்குள் வருகிறது. 2004 முதல் இதே தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது. நம் வீட்டுக் குழாயில் வருவது எங்கே நிற்கிறது என்று ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டாமா? இந்தப் பட்டியலில் நமக்கும் ஏரிக்கும் நேரடி உறவு இருக்கும் ஒரே இடம் இதுதான், என் ஓட்டுக்குப் பாதிக் காரணமும் அதுதான்.

மீதிப் பாதி, சுற்றி இருப்பவை. காட்டுமன்னார்கோயில் வீரநாராயணப் பெருமாள் கோயில். நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகளும் அவர் பேரன் ஆளவந்தாரும் பிறந்த ஊர். பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம். அந்தக் கோயிலைப் பார்த்துவிட்டு, ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியையும் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஏரி வெட்டிய வம்சம் என்பது அப்போதுதான் உறைக்கும். தங்குவதற்குச் சிதம்பரம் இருக்கிறது, 25 கிலோமீட்டர்தான். படகுத்துறை, கேளிக்கை எதையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். கோடையில் ஏரி வற்றிக் கிடக்கவும் வாய்ப்புண்டு.

அதனால் மாதத்தைப் பார்த்து முடிவெடுங்கள். ஏப்ரல், மே என்றால் பேசாமல் மலைக்குப் போகலாம், கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கையில் ஒரே நாள், டிசம்பர் அல்லது ஜனவரி என்றால் பழவேற்காடு. மார்கழி, தையில் இரண்டு நாள் கிடைத்தால் விடியற்காலையில் கிளம்பி நேராக வீராணம், இரவு சிதம்பரம், மறுநாள் காலை கங்கைகொண்ட சோழபுரம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மாலை 4 மணிக்கு வேடந்தாங்கல். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். போகும் வழியில் வேடந்தாங்கலை வைத்தால் பறவைகள் வெளியே போயிருக்கும் நண்பகலில் போய் நிற்பீர்கள்.