பெட்ரோல் அவுட்போர்டா, மின்சார அவுட்போர்டா? விடை படகின் அடியில் இருக்கிறது

அவுட்போர்டு என்பது படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார். எதை வாங்கலாம் என்று யோசிக்கும் முன் படகு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வேகம் கூடினால் மேலெழும்பி நீர்ப்பரப்பில் சறுக்கும் படகா, எவ்வளவு முடுக்கினாலும் நீரை விலக்கிக்கொண்டே போகும் படகா? முதல் வகைக்கு இன்றைக்கும் பெட்ரோல்தான். இரண்டாவது வகைக்கு, ஒரு நாள் ஓட்டம் சில மணி நேரத்தில் முடியுமானால், மின்சாரத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

கணக்கு இதுதான். 10 லிட்டர் பெட்ரோலின் எடை ஏழரை கிலோ. அதில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 89 யூனிட். சிறிய நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் புரொப்பல்லர் தண்டுக்குக் கொடுக்கும். மீதி வெப்பமாகப் புகையிலும் குளிர்விக்கும் நீரிலும் போய்விடும். ஆக, தண்டுக்கு வருவது 18 யூனிட். மின்மோட்டாரில் இழப்பு குறைவு என்பதால் அதே 18 யூனிட்டுக்கு 20 யூனிட் பேட்டரி போதும். ஆனால் கூடு, கேபிள் எல்லாம் சேர்த்தால் அந்த லித்தியம் பேட்டரி 130 முதல் 160 கிலோ வரை வரும். இரண்டு ஆட்களை எப்போதும் ஏற்றிக்கொண்டு திரிவது மாதிரி.

சறுக்கும் படகுக்குத் தொடர்ச்சியாக 15 கிலோவாட் வேண்டுமென்றால் அந்த 20 யூனிட் ஒன்றேகால் மணி நேரம்கூடத் தாங்காது. பேட்டரியைக் கூட்டினால் எடை கூடும். எடை கூடினால் படகு மேலெழும்பவே இன்னும் அதிக சக்தி கேட்கும்.

மெதுவான படகில் கதையே வேறு. அங்கே தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. 1 கிலோவாட்டில் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) போகும் இலேசான படகு, 2.5 நாட்டுக்கு 125 வாட் அளவில் போய்விடும். 1 யூனிட் பேட்டரியில் முதல் வேகத்தில் 5 கடல் மைல், இரண்டாவதில் 20 கடல் மைல். இது காற்றும் நீரோட்டமும் இல்லாத கணக்கு. எதிர்க்காற்று அடித்தால் மிக மெதுவாகப் போவதிலும் லாபமில்லை.

விளம்பரத்தில் ‘3 எச்.பி.க்குச் சமம்’ என்று போட்டிருக்கும் மோட்டார் பெரும்பாலும் 1 கிலோவாட்டைச் சுற்றித்தான் இருக்கும். நேர்க்கணக்கில் அது ஒன்றரை எச்.பி.கூட இல்லை. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மின்மோட்டார் பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றுவதால் குறைந்த வேகத்தில் தள்ளுவிசை நன்றாக இருக்கும். வேகம் கூடக் கூட அந்தச் சமன் கரைந்துவிடும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: புரொப்பல்லர் தண்டில், தொடர்ச்சியாக, எத்தனை வாட்?

பேட்டரி விஷயத்தில் ஈய-அமில வகையை வாங்குவது பொய்யான சிக்கனம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் எழுத்தில் 1.2 யூனிட். அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ட்ரோலிங் மோட்டார் (மெதுவாகப் போக உதவும் சிறிய மின்மோட்டார்) 50 ஆம்பியர் இழுக்கும்போது முழுக் கொள்ளளவும் கிடைக்காது. நம்பக்கூடியது அரை யூனிட்தான். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பாதிக்கும் குறைவான எடையில் 1 யூனிட்டுக்கு மேல் தரும். அதன் குணக்கேடு வேறு: வோல்ட் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மாதிரி நின்று, பாதுகாப்புச் சுற்று சட்டென்று துண்டித்துவிடும். வோல்ட் மீட்டரை நம்பாமல், பேட்டரிக்கு உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் போடுங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள்.

3 கிலோவாட் மோட்டாருக்கு 12 வோல்ட்டில் 250 ஆம்பியர் ஓடும். 48 வோல்ட்டில் 63தான். உப்புப் பூத்துத் தளர்ந்த ஒரு டெர்மினலில் ஆயிரத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே முதல் நிலையில் 62 வாட் வெப்பம், இரண்டாவதில் 4 வாட். பிளாஸ்டிக் உருகுவதற்கு முதலாவது போதும். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள், பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ், இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பராமரிப்பில் பெட்ரோல் கேட்பது அதிகம்: நாள்பட்ட எரிபொருளால் அடைக்கும் கார்புரேட்டர் ஜெட், குளிர்விக்கும் நீரை இறைத்துத் தேயும் ரப்பர் இம்பெல்லர், கியர் ஆயில். ஆயில் பால் நிறத்தில் வந்தால், தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் சீல் கசிகிறது என்று அர்த்தம். மின்மோட்டாரிலும் சீல் உண்டு. தூண்டில் நரம்பு புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அதை அறுத்துவிடும். புரொப்பல்லரை அடிக்கடி கழற்றிப் பாருங்கள். நடுநீரில் நின்றுபோனால், பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துப் போட்டுக் கிளம்ப வாய்ப்பாவது உண்டு. மின்மோட்டாரில் கன்ட்ரோலர் போர்டு போனால் ஸ்பேனருக்கு வேலையில்லை, துடுப்புக்குத்தான் வேலை.

மின்மோட்டார் வந்ததும் முதல் நாளே ஓர் அட்டவணை போடுங்கள். 200, 400, 600, 800 வாட் என்று வைத்து, ஒவ்வொன்றிலும் போகும் திசையிலும் திரும்பும் திசையிலும் ஜி.பி.எஸ். வேகத்தைக் குறித்துச் சராசரி எடுங்கள். வாட் எண்ணை நாட் எண்ணால் வகுத்தால் ஒரு கடல் மைலுக்கு எத்தனை வாட்-மணி என்று வரும். வழக்கமான ஆள், சாமான் எடையோடு செய்யுங்கள். வெறும் படகில் எடுத்த எண் பிறகு உதவாது.