நிலாவெளி மணலுக்குச் சுண்ணாம்பா, டொலமைட்டா, ஜிப்சமா?

மலேசியச் செம்பனைத் தோட்டமொன்றில் சில வருடம் வேலை செய்துவிட்டு வந்த உறவினர் ஒருவர், திருகோணமலைக் கடற்கரை ஊரான நிலாவெளியில் மாமா பையில் வளர்க்கும் தென்னங்கன்றுகளைப் பார்த்தார். "இதுகளுக்குக் கல்சியம் காணாது, சுண்ணாம்பு போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. "தம்பி, சுண்ணாம்பு போட்டால்தான் கன்று எலும்பு பிடிக்கும்." மூன்று வாரமாக எங்கள் இருவருக்கும் இதே வாக்குவாதம்.

செம்பனை என்றால் எண்ணெய் எடுக்கும் பனை, நாங்கள் முள்ளுத்தேங்காய் என்கிறோமே, அதுதான். இங்கே இலங்கையில் காலி, களுத்துறைப் பக்கம் தோட்டங்கள் இருக்கின்றன. 2021 ஏப்ரலில் புதிதாக நடுவதற்கு அரசு தடை போட்டது. தடை இல்லாவிட்டாலும் திருகோணமலையில் அது தேறாது. ஏறக்குறைய 2,000 மில்லிமீற்றர் மழை, அதுவும் வருடம் முழுக்கப் பரவலாகக் கேட்கும் மரம் அது. எங்களுக்கோ ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டிவிட்டு மிச்ச மாதங்கள் வறட்சிதான்.

மலேசியாவில் செம்பனைக் கன்று முதல் மூன்று மாதம் சின்னப் பையிலும், அப்புறம் ஒரு வயது வரை பெரிய பையிலும் வளர்கிறது. பையை நிரப்பும் மண் பெரும்பாலும் அமில மண், பீஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்; ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4, 5 என்று நிற்கும். அந்த மண்ணில் கரைந்திருக்கும் அலுமினியம் வேர் நுனியைக் கருக்கும். சுண்ணாம்பு அதை அடக்கும், கூடவே கல்சியமும் கொடுக்கும். அப்படியிருந்தும் செம்பனையில் கல்சியக் குறை கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் சாதி அது. பொஸ்பேற்றுக்காகப் போடும் பாறைத்தூளின் எடையிலேயே மூன்றில் ஒரு பங்கு கல்சியம் வந்துவிடுகிறது. அளவு மீறினால் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் வேர் எடுப்பது தடைப்படும். அந்த ஊரிலேயே கணக்கு இப்படியென்றால், கடற்கரை மணலில் என்ன?

மாமாவின் பையிலிருந்து ஒரு பிடி மணலைப் பீரிஸில் கொட்டி, அரைத் தேசிக்காயைப் பிழிந்தேன். அங்கங்கே பொட்டுப் பொட்டாக நுரைத்தது. சிப்பித் துணுக்குகள். சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே சரக்கு, இரண்டும் கல்சியம் காபனேற்று. சுண்ணாம்பு ஏற்கெனவே பைக்குள் இருக்கிறது! மேலும் கொட்டினால் மண் காரமாகி, இரும்பும் மங்கனீசும் துத்தநாகமும் கன்றுக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும்.

சந்தையில் வெறும் கல்சியம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தூளும் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வருகிறது, பல நேரம் வேலை செய்வது அந்தக் கூட்டாளிதான். அதை வைத்தே நான் தரம் பிரிக்கிறேன்.

நீற்றிய சுண்ணாம்பில் பாதிக்கு மேல், 54 வீதம், கல்சியம். கூட வருவது கடுங்காரம், பீஎச் 12ஐத் தாண்டும். மாமா அதை அமோனியம் சல்பேற்றுப் பசளையோடு ஒரே பேசினில் கலந்தபோது அமோனியா கிளம்பி இருவர் கண்ணிலும் தண்ணீர். காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றோடு போயிற்று. நாற்றுமேடையில் இதற்கு வேலையே இல்லை என்பது என் முடிவு.

டொலமைட் சுண்ணாம்புக்கல்லைப் போன்ற ஒரு பாறையின் தூள், அதன் கூட்டாளி மக்னீசியம். சுத்தமான தூளில் கல்சியம் 22 வீதம், மக்னீசியம் 13 வீதம். மாத்தளைப் பக்கம் வெட்டுகிறார்கள், விலை குறைவு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது கைக்கெட்டிய உள்ளூர்ச் சரக்குகளில் இதுவும் ஒன்று. ஆனால் அமில மண்ணில்தான் ஒழுங்காகக் கரையும், எங்கள் மணலில் மாதக்கணக்காக அப்படியே கிடக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு கடையில் டொலமைட் என்று வாங்கிய தூளில் தேசிக்காய் பிழிந்தால் சோடாப் போத்தல் திறந்ததுபோலப் பொங்கியது. டொலமைட் அவ்வளவு அவசரப்படாது, மெல்லத்தான் நுரைக்கும். கையில் கிடைத்தது வெறும் சுண்ணாம்புக்கல் தூள்.

ஜிப்சம் என்பது கல்சியம் சல்பேற்று. அதில் கல்சியம் 23 வீதம், கந்தகம் 18 வீதத்துக்குச் சற்று மேல். பீஎச்சை ஏற்றாது. ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கு மேல் கரையும், சுண்ணாம்புக்கல் அதில் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது. நிலாவெளிக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது. அந்த உப்பின் சோடியத்தை மண்ணிலிருந்து பெயர்க்கக் கல்சியம் வேண்டும். பெயர்ந்ததை வெளியேற்ற நல்ல தண்ணீரும் வேண்டும், ஆகவே மாரி தொடங்கும்போது போடுவதுதான் பிரயோசனம்.

கல்சியம் நைத்திரேற்று முழுக்கக் கரையும். கல்சியம் 19 வீதம், நைதரசன் 15.5 வீதம். இதை ஊற்றினால் கன்று சட்டென்று பச்சை பிடிக்கும், உடனே "கல்சியம் வேலை செய்யுது" என்பார்கள். உண்மையில் அது நைதரசன் காட்டும் வித்தை. விலைதான் கையைக் கடிக்கிறது. பைக்குத் தும்புத்தூள் (தேங்காய் மட்டைத் தூள்) போடுகிறவர்கள் இதில் கொஞ்சம் வாங்கலாம். தூளில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் மிதமிஞ்சிய பொட்டாசியத்தையும் கழுவ இது கெட்டிக்காரச் சரக்கு. எப்சம் உப்போடு (மக்னீசியம் சல்பேற்று) ஒரே வாளியில் மட்டும் கரைக்க வேண்டாம், வெள்ளையாகத் திரைந்து அடியில் ஜிப்சமாகப் படியும்.

சரி, மாமாவின் கன்றுக்கு உண்மையில் என்ன குறை? கல்சியம் ஒரு இலைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து நகராது, ஆகவே குறை இளங்குருத்தில்தான் தெரியும். குருத்தெல்லாம் நேராக, சுத்தமாக நின்றன. அடி ஓலைதான் மஞ்சள். அதில் ஒரு ஓலையை விலக்கிப் பார்த்தேன். மேல் ஓலையின் நிழல் விழுந்த இடம் மட்டும், அச்சு வைத்தாற்போல் பச்சை. வெயில் பட்ட இடம் மஞ்சளாகி நிழல் பட்ட இடம் பச்சையாகவே நிற்பது மக்னீசியக் குறையின் கையெழுத்து, செம்பனையிலும் அப்படித்தான். உறவினர் அங்கே அதைப் பார்த்திருப்பார், பெயரைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

எனவே என் ஓட்டு முதலில் எப்சம் உப்புக்கு, அடுத்து மழையோடு ஜிப்சத்துக்கு. மண் பரிசோதனையில் பீஎச் 5.5க்குக் கீழே வருகிறவர்கள் டொலமைட் பக்கம் போகலாம். மாமா அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டார். இப்போது இருபது பைக்கு எப்சம் உப்பு, இருபது பைக்கு ஜிப்சம், இருபது பையைச் சும்மா விட்டிருக்கிறோம். சும்மா விட்ட வரிசையின் விளிம்பில் நேற்றுக் காலை வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. கேட்டால் மாமா வெற்றிலையை மென்றுகொண்டு கடலைப் பார்க்கிறார்.