ஹெபடைட்டிஸ் சி: பழைய ஊசியா, டாக்ளாடாஸ்விரா, வெல்பாடாஸ்விரா?

ஹெபடைட்டிஸ் சி இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா நம்ம வேலூர் பக்கம் நெறய பேர் மொதல்ல தேடறது கீழாநெல்லியத்தான், காமாலைக்கு மருந்து குடுக்கறவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க இல்ல, அந்த பழக்கம். ஆனா இந்த வைரஸ் முக்காவாசி பேருக்கு கண்ணு மஞ்சளே ஆகாம பத்து இருபது வருஷம் சத்தமில்லாம கல்லீரல கெடுத்துனு இருக்கும். கீழாநெல்லியால இது போச்சுன்னு எந்த நிரூபணமும் இல்ல, அதனால அத இந்த ஒப்பீட்டுலயே சேக்கல.

பழைய வைத்தியம்னா வாரா வாரம் பெகிலேட்டட் இண்டர்ஃபெரான் ஊசி, கூடவே தினமும் ரிபாவைரின் மாத்திர. ஜீனோடைப்ங்கறது வைரஸோட வகை, அது 3ன்னா 24 வாரம், 1ன்னா 48 வாரம். ஊசி போட்டா ஜுரம், ஒடம்பு வலி, ரத்தம் கொறையும், சிலருக்கு மனசே ஒடஞ்சு போயிடும். இவ்ளோ பட்டும் ஜீனோடைப் 1ல ஏறக்குறைய பாதி பேருக்குத்தான் குணம், அதுவும் ஆராய்ச்சிக்குன்னு பொறுக்கி எடுத்த நோயாளிங்க கிட்ட. பேர்ணாம்பட்டுல பீடி சுத்தறவங்களும் ராணிப்பேட்டைல தோல் கம்பெனிக்கு போறவங்களும் ஜுரத்தோட ஒரு வருஷம் எப்படிங்க தாங்குவாங்க, பாதிலயே நிறுத்திடுவாங்க.

2013 டிசம்பர்ல அமெரிக்கால வைரஸ நேரா அடிக்கற சோஃபோஸ்புவிர் மாத்திர வந்துச்சு, அங்க 12 வார கோர்ஸ் 84,000 டாலர், 2015ல நம்ம நாட்டு கம்பெனிங்க ஜெனரிக்கா விட்டதும் வெல சரசரன்னு எறங்கிடுச்சு. எனக்கு பெரிய விஷயமா படறது வேற. சுகர், பிரஷர், வயசானவங்கன்னு தெனம் கிளினிக் வர்ற சாதாரண ஜனங்க கிட்டயும் ஆராய்ச்சில வந்த அதே ரிசல்ட் வருது, ஒழுங்கா முடிச்சா 100க்கு 95 பேர் பக்கம் குணம்.

இப்ப நெஜமான போட்டி சோஃபோஸ்புவிர் கூட டாக்ளாடாஸ்விர், வெல்பாடாஸ்விர்ங்கற ரெண்டு மருந்துல எது சேரணும்ங்கறதுலதான். கல்லீரல் சுருங்காதவங்களுக்கு டாக்ளாடாஸ்விர் சேந்தாலும் வெல்பாடாஸ்விர் சேந்தாலும் 12 வாரம், பலன்ல பெருசா வித்தியாசம் இல்ல. 2018 ஜூலை 28ல ஆரம்பிச்ச தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டு திட்டத்துல இவங்களுக்கு டாக்ளாடாஸ்விர்தான் இலவசமா தர்றாங்க, ஓசில குடுக்கறது மட்டமா இருக்கும்னு நெனச்சு கடன வாங்கி வெளிய வெல்பாடாஸ்விர் வாங்காதீங்க, அது தேவையே இல்ல. கல்லீரல் சுருங்கி சிரோசிஸ் வந்துட்டா கத வேற, டாக்ளாடாஸ்விர 24 வாரம் வரைக்கும் இழுக்கணும், இல்ல ரிபாவைரின் சேக்கணும், வெல்பாடாஸ்விர் 12 வாரத்துல முடிச்சிடும். அங்க நான் யோசிக்காம வெல்பாடாஸ்விர் பக்கம்தான். வயித்துல தண்ணி கோத்தவங்களுக்கு மட்டும் அதோடயும் ரிபாவைரின் வேணும், பெரிய டாக்டர்தான் பாக்கணும்.

ஆனா வெல்பாடாஸ்விருக்கு ஒரு வீக்னஸ், வயித்துல ஆசிட் இருந்தாதான் அது ஒடம்புல ஒழுங்கா சேரும். நம்ம ஆளுங்க மெடிக்கல்ல கேஸ் மாத்திரைன்னு கேட்டு வெறும் வயித்துல போடறாங்களே அந்த பேன்டோபிரசோல், ஒமிபிரசோல், அதெல்லாம் மருந்தோட வேலைய கொறச்சிடும். டாக்ளாடாஸ்விருக்கு இந்த தொல்ல பெருசா இல்ல. அதனால டாக்டர பாக்கப் போறப்ப சாப்புடற அத்தன மாத்திர அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துனு போங்க. வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசிபைன், டிபிக்கு ரிஃபாம்பிசின் எடுத்தா ரெண்டுமே அடிவாங்கும், இதயத்துக்கு அமியோடரோன் எடுக்கறவங்களுக்கு சோஃபோஸ்புவிரே ஆபத்து, நாடித்துடிப்பு ரொம்ப எறங்கிடும். ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்டும் மொதல்லயே எடுத்துடணும், பி ஒளிஞ்சிருந்தா சி அடங்கறப்ப அது தல தூக்கலாம்.

டப்பாக்கு 28 மாத்திர, மூணு டப்பால 12 வார கோர்ஸ் முடியும். முடிஞ்சு 12 வாரம் கழிச்சு ரத்தத்துல வைரஸே இருக்கான்னு பாக்கற ஆர்என்ஏ டெஸ்ட் எடுத்து வைரஸ் இல்லன்னு வந்தாதான் குணம்னு அர்த்தம், ஒடம்பு நல்லாருக்குன்னு இத மட்டும் விட்டுடாதீங்க. வைரஸ எதுத்து ஒடம்பு உண்டாக்கறத பாக்கற ஆன்டிபாடி டெஸ்ட் குணமானப்புறமும் பாசிட்டிவ்னுதான் காட்டும், கல்ஃப் போக மெடிக்கல் எடுக்கறவங்க அத பாத்து பயப்படாம ஆர்என்ஏ ரிப்போர்ட்ட பத்திரமா வெச்சிருந்து காட்டுங்க.