2019 இசுசூ வி-கிராஸ் இசட் பிரஸ்டீஜ் பிக்கப்: சேர்த்து வைக்க வாங்கலாமா?

சித்தப்பா பையன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். போன மாதம் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டான். "ஏனுங்ணா, ஒரு வி-கிராஸ் வந்திருக்குது, இசட் பிரஸ்டீஜ், ஆட்டோமேட்டிக், 2019, பிஎஸ்4. இனிமேல் இந்த மாடல் கிடைக்கவே கிடைக்காதாமா. வாங்கி நிறுத்திப்போட்டா பத்து வருசத்துல விலை ரெண்டு மடங்காகும்னு கன்சல்டிங்காரர் சொல்றாருங்ணா, ஒரு எட்டு பார்க்க வர்றீங்களா?" என்றான். கன்சல்டிங் என்றால் எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்கி விற்கிற கடை; பிஎஸ்4 என்பது வண்டிப் புகைக்கு இருந்த பழைய அரசு விதி, பிஎஸ்6 அதற்கு அடுத்து வந்தது. என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் 2017-ல் எடுத்த 2.5 மேனுவல் வி-கிராஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தேங்காயும் ஏற்றியிருக்கிறேன், கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு போயிருக்கிறேன், திம்பம் 27 வளைவும் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி அருமை, ஓட்டுவதற்கு வாங்கலாம். ஆனால் "கலெக்‌ஷன் பீஸ்" என்ற பேருக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. இசுசூ வி-கிராஸ் 2016 மே மாதம் இங்கே வந்தது, அறிமுக விலை சென்னை ஷோரூமில் 12.49 லட்சம். தடாவைத் தாண்டினால் வருகிற ஸ்ரீசிட்டியில்தான் தயாராகிறது. 2.5 லிட்டர் டீசல், 134 குதிரைத்திறன், 320 என்எம், ஐந்து கியர், ஃபோர் வீல் டிரைவ். அதற்கு முன்னால் நம் ஊரில் வீட்டுக்கென்று நாலு கதவு பிக்கப் வேண்டும் என்றால் ஸ்கார்பியோ கெட்அவே, டாடா செனான் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இது வந்தபோது தோட்டம் வைத்திருக்கிறவர்கள், ரிக் வண்டிக்காரர்கள், மில்காரர்கள் எல்லோர் கண்ணும் இதன் மேல்தான். அப்புறம் 2019 ஆகஸ்டில் இசட் பிரஸ்டீஜ் வந்தது. 1.9 லிட்டர் இன்ஜின், 150 குதிரைத்திறன், 350 என்எம், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஆறு ஏர்பேக், இறக்கத்தில் தானே பிடித்து இறக்குகிற வசதி, பழுப்பும் கறுப்பும் கலந்த லெதர் சீட். ஷோரூம் விலை 19.99 லட்சம். 2020 மார்ச்சோடு பிஎஸ்4 வண்டி விற்பதே நின்றுபோனதால் இதுவும் நின்றது. 2021 மே மாதம் பிஎஸ்6 ஆகத் திரும்பி வந்தபோது அதே 1.9 இன்ஜின், 163 குதிரைத்திறன், 360 என்எம். ஆக, 150 குதிரைத்திறன் பிஎஸ்4 ஆட்டோமேட்டிக் என்பது ஏழு மாதம் மட்டும் விற்ற வண்டி. கன்சல்டிங்காரர் அபூர்வம் என்று சொன்னதில் பொய் இல்லை.

பெருந்துறை போகிற ரோட்டில் ஒரு கன்சல்டிங்கில் நின்றிருந்தது. வெள்ளை வண்டி, நாமக்கல் நம்பர், இரண்டாவது ஓனர், 71,000 கிலோமீட்டர், கேட்ட விலை 18.5 லட்சம். தூரத்தில் இருந்து பார்க்கும்போதே மனசு இளகிவிட்டது, அதை மறைக்க மாட்டேன். கிட்டத்தட்ட 5.3 மீட்டர் நீளம், 18 இஞ்ச் வீல், ஏறி உட்கார்ந்தால் எதிரே வருகிற காரின் கூரை தெரிகிற உயரம். கதவு சாத்தினால் கனமான சத்தம். ஸ்டார்ட் செய்து ஓட்டிப் பார்த்தோம். எங்கள் 2.5 மாதிரி அடித்தொண்டையில் கத்துவதில்லை, கியர் மாறுவது தெரியவே இல்லை, பைபாஸில் எண்பது தொண்ணூறில் போகும்போது உள்ளே சாதாரணக் குரலில் பேசலாம். பின்னால் பட்டை ஸ்பிரிங் என்பதால் வெறும் வண்டியாகப் போனால் ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் குதிக்கும், அது எல்லா வி-கிராஸுக்கும் உள்ள குணம்தான், இரண்டு மூட்டை தேங்காய் போட்டால் அடங்கிவிடும். திருப்ப நிறைய இடம் கேட்கும். தம்பியின் கம்பெனி இருக்கிற காதர்பேட்டைச் சந்துகளுக்கு இதை எடுத்துக்கொண்டு போனால் பொழுதெல்லாம் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உட்புறம் துடைத்துப் பாலிஷ் போட்டு வைத்திருந்தார்கள். "தோட்டத்துப் பக்கமே போகாத வண்டிங்க, முதல் ஓனர் டாக்டருங்க, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு" என்றார் கன்சல்டிங்காரர். எனக்கு எப்போதுமே பிக்கப் என்றால் முதலில் பின்தொட்டியைப் பார்த்தாக வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தது. பளபளவென்று இருந்தது. அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னேன், "அதெல்லாம் கம்பெனி ஃபிட்டிங்குங்க" என்று தயங்கினார். நான் விடவில்லை, கடைப்பையன் திருப்புளி எடுத்து வந்து ஒரு மூலையில் நாலு ஸ்குரூவைக் கழற்றினான். தூக்கினால் அடியில் தகட்டு மடிப்பு முழுக்க மஞ்சள் தூள். ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மஞ்சள் மூட்டை ஏற்றிய வண்டியை எத்தனை வாட்டர் சர்வீஸ் செய்தாலும் அந்த நிறம் இடுக்கை விட்டுப் போகாது. விரலால் தடவினேன், மஞ்சளோடு செம்பழுப்பாகத் துருவும் கையில் ஒட்டியது. லைனருக்குள் புகுந்த தண்ணீர் காய வழியில்லாமல் வருசக்கணக்காக அங்கேயே நின்று தகட்டை அரித்திருக்கிறது.

மஞ்சள் ஏற்றியது ஒரு குற்றமே இல்லை, அதற்குத்தானே பிக்கப். அதை மறைத்துப் பேசியதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு எந்த வருசம். ஓடுகிற நாலு டயரும் 2024 தயாரிப்பு, மாற்றியிருக்கிறார்கள். அடியில் தொங்குகிற ஸ்டெப்னி 2019 தயாரிப்பு, அதில் பட்டன் பாதி தேய்ந்திருந்தது, அதுவும் நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டிரைவர் சீட்டின் இடது விளிம்பில் பழுப்பு லெதர் வெடித்து, அதே நிறத்தில் பெயிண்ட் அடித்து மூடியிருந்தது. நகத்தால் லேசாகக் கீறினால் பொடியாக வந்தது. ஏழு மாதம் மட்டும் வந்த வண்டியில் தேடிப் பிடிக்கக் கஷ்டமானது இந்த மாதிரிச் சாமான்கள்தான், 1.9 இன்ஜின் பாகத்துக்கு நான் பயப்பட மாட்டேன், அதே குடும்பத்து இன்ஜின் பிஎஸ்6 வண்டிகளிலும் வருகிறது. சேகரிப்பாளர் காசு கொடுப்பது மாறாத ஒரிஜினலுக்கு. சீட்டும் தொட்டியும் போனால் அந்த வண்டி வெறும் பழைய பிக்கப்.

ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிறதா என்று தார் ரோட்டில் பார்க்காதீர்கள். முன் வீலையும் பின் வீலையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரென்ஷியல் இதில் கிடையாது, முன் வீலும் பின் வீலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், தார் ரோட்டில் வளைத்தால் இழுத்துப் பிடித்து கியர் பெட்டிக்குத்தான் அடி. மண் தரையில் 4எச் (சாதாரண ஃபோர் வீல்) போட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள், 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு போகிற ஃபோர் வீல்) போடும்போது வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்துத் திருப்புங்கள். ஆட்டோமேட்டிக்கைப் பார்க்க வேண்டும் என்றால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், காலையில் முதல் ஸ்டார்ட். டி, ஆர் மாற்றும்போது தட்டு விழுந்தாலோ நேரம் எடுத்தாலோ விலகிவிடுங்கள். நாங்கள் பார்த்த வண்டியில் அது நன்றாகவே இருந்தது, இன்ஜினும் சுத்தம்.

இனி அந்த "விலை ஏறும்" கதைக்கு வருகிறேன். அபூர்வமாக இருப்பது வேறு, நாலு பேர் ஏங்குவது வேறு. அமெரிக்காவில் லிங்கன் கம்பெனி 2002-ல் பிளாக்வுட் என்று ஒரு சொகுசு பிக்கப் விட்டது. கறுப்பு நிறம் மட்டும், பின்தொட்டிக்குள் கார்ப்பெட் விரித்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடித்து, ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் விலை. விற்கவில்லை, அங்கே ஒரே மாடல் வருசத்தோடு நிறுத்திவிட்டார்கள், மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் வண்டிதான். அதைவிட அபூர்வம் வேண்டுமா? ஆனால் தொட்டியில் சரக்குப் போட முடியாத பிக்கப்புக்காக யாரும் ஏங்கி வளரவில்லை. இந்தப் பக்கம் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைப் பாருங்கள். 1985-ல் இருந்து 1996 வரை ஊர் ஊராக ஓடிய வண்டி, அபூர்வமே கிடையாது. இன்றைக்கு நல்ல கண்டிஷனில் இருந்தால் லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், கொடுக்கவும் கொடுக்கிறார்கள். ஏனென்றால் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு இப்போது கையில் காசு இருக்கிறது. வி-கிராஸுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம், எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. எங்கள் தெருப் பையன்கள் வண்டி வந்தால் ஓடி வந்து பின்னால் ஏறிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் ஆசைப்படுவது தோட்டத்துப் புழுதியில் பார்த்த வி-கிராஸ், அதில் பிஎஸ்4 ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று பிரித்துப் பார்த்து மூணு லட்சம் கூடக் கொடுப்பார்களா என்றால் எனக்குத் தோன்றவில்லை.

காத்திருக்கிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2019-ல் ரெஜிஸ்டர் ஆன வண்டிக்கு ஆர்.சி. 2034 வரை. அதற்கப்புறம் ஐந்து வருசத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். வின்டேஜ் வண்டி என்று சட்டப்படி தனியாகப் பதிய 2021-ல் விதி கொண்டு வந்தார்கள், அதற்கு ஐம்பது வருசம் ஆகியிருக்க வேண்டும். இந்த வண்டிக்கு அது 2069. தம்பிக்கு இப்போது முப்பத்தாறு வயது, 2069-ல் எண்பதை ஒட்டி இருப்பான். இன்சூரன்ஸில் ஐந்து வருசம் தாண்டிய வண்டியின் மதிப்பு கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான், சும்மா விட்டால் சாதாரணப் பழைய வண்டி விலையைத்தான் போடுவார்கள், அதனால் கூடக் கொடுத்த மூணு லட்சம் ஒரு விபத்தில் காணாமல் போகும். அப்புறம் நிறுத்தி வைக்கிற வண்டிக்கு வருகிற நோய்கள். பேட்டரி இறங்கும், டயர் ஓடாமலே வெடிக்கும். தென்னந்தோப்பு ஷெட்டில் நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும், எங்கள் வண்டியில் இரண்டு முறை கடித்திருக்கிறது, இரண்டு முறையும் பத்து நாள் சும்மா நிறுத்தியபோதுதான்.

இன்னொன்று, ஆர்.சி.யில் வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள், சொந்த உபயோகமா சரக்கு வண்டியா என்று. இன்சூரன்ஸும் அதற்குப் பொருந்தியிருக்க வேண்டும். ஃபைனான்ஸ் முடிந்து ஆர்.சி.யில் பேர் நீக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். முன்னால் இரும்பு கார்டு போட்ட வண்டியாக இருந்தால் அதைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை வந்துவிட்டது. டெல்லி நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கலாம். அங்கிருந்து மாற்றுவதற்கான என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே கட்டுகிற சாலை வரி எல்லாம் சேர்த்தால் அந்த மலிவு கரைந்துவிடும்.

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தினர் வைத்திருக்கிற கார் மியூசியத்துக்குத் தம்பியையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே நிற்கிற வண்டிகளைப் பராமரிக்கிற சிரத்தையைப் பார்த்தாலே தெரியும், சேர்த்து வைப்பது ஒரு வேலை, அதற்கென்று ஆளும் இடமும் வேண்டும். காதர்பேட்டை கம்பெனியின் லோடு இறக்குகிற ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதற்கு அந்தப் பெயர் வராது. தம்பி ரொம்ப நேரம் பேசாமல் சுற்றிப் பார்த்தான்.

அந்த வெள்ளை வண்டிக்கு 15 லட்சம் என்று சொன்னோம், தொட்டித் தகடு வேலையும் சீட்டும் எங்கள் செலவு என்று. கன்சல்டிங்காரர் 17.75-க்குக் கீழே இறங்கவில்லை, "இது கலெக்‌ஷன் வண்டிங்க" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். இப்போது கோபி பக்கம் ஒரு சிங்கிள் ஓனர் வண்டி இருக்கிறதாம், அதுவும் இசட் பிரஸ்டீஜ்தான், வீட்டுக்காரரே விற்கிறார், "வாழைத்தார் ஏத்துவேனுங்க, லைனர் போடலீங்க, தொட்டி பூரா கீறலா இருக்கும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். தம்பி வாங்கினால் திருப்பூருக்கும் தோட்டத்துக்கும் தினமும் ஓட்டத்தான் போகிறானாம், அவனே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி சூடாகும் முன்னாலேயே போய்ச் சேர வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்புகிறோம்.