நிற்கும்போது எத்தனை கிலோ?

எந்த பைக் வாங்குவது என்று நண்பன் ஒருவன் மூன்று நாளாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். "மாப்ள, 350 எடுக்கட்டுமா, இல்ல 125-லயே இருந்துக்கட்டுமா?" 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி எஞ்சின் அளவு 350 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியதல்லவா, அதற்குப் பிறகு இதே கேள்வியோடு வந்த நாலாவது ஆள் இவன். 350-ஐத் தாண்டினால் 40 சதவீதம். 350 என்று நாம் சொல்லும் வண்டிகளெல்லாம் உண்மையில் 349, 348 என்று கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்பவை. அதனால் சின்ன வண்டியே போதும் என்று நிம்மதியாக இருந்தவனுக்குக்கூட இப்போது கை அரிக்கிறது.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஒன்பது வருடமாக ஒரு 100 சிசி, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அஞ்சு வருடமாக ஒரு 350, அது 41,000. கம்பெனி பெயர்களை எழுதப்போவதில்லை. நான் புலம்பப்போகும் விஷயம் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் அப்படியேதான் இருக்கும். மைலேஜ், பிக்கப், சீட்டு உயரம் எல்லாம் ஷோரூம் அட்டையிலேயே இருக்கிறது, அதையும் விட்டுவிடலாம். அந்த அட்டையில் 195 கிலோ என்று ஒரு எண் இருக்கும் பாருங்கள். வாங்கும்போது நான் கண்டுகொள்ளாமல் விட்டது அதைத்தான்.

எங்கள் வீடு ஈரோட்டில், கருங்கல்பாளையம் பக்கம் ஒரு சந்துக்குள். வீடு கட்டியபோது வாசல் தெருவைவிட ஓரடி உயரத்தில் இருந்தது என்று அப்பா சொல்வார். அதற்கப்புறம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது தெரு மேடு, வீடு பள்ளம். கேட்டிலிருந்து உள்ளே எட்டடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு. வண்டி உள்ளே போகும்போது பூ மாதிரி இறங்கிப் போய் நிற்கும். காலையில் அதைப் பின்பக்கமாக மேட்டில் இழுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுக்கு ஒன்று சரிவில் 195 கிலோ வண்டியை இழுக்க, சுமார் 24 கிலோவைத் தூக்கும் அளவுக்கு விசை வேண்டும். 112 கிலோ வண்டிக்கு 14 போதும். 24 கிலோ என்றால் ஒரு அரிசி மூட்டைக்கும் குறைவுதானே என்று தோன்றும். அரிசி மூட்டை இரண்டு சக்கரத்தில் நிற்பதில்லை. இழுக்கும்போதே சாயாமல் பிடிக்க வேண்டும், வழுக்கினால் முன் பிரேக்கைப் பிடிக்க வலது கை தயாராக இருக்க வேண்டும், கால் ஈர டைல்ஸில் ஊன்ற வேண்டும். முதுகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையே நான் ஆறு மாதம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் ஒரு மழைக் காலையில் கால் வழுக்கியது. வண்டி ஒன்றும் வேகமாக விழவில்லை. மெதுவாகத்தான் சாய்ந்தது. பிடித்துவிடலாம் என்று நினைக்கும் அளவுக்கு மெதுவாக, அதுதான் மோசம். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்த பிறகு அதைப் பிடிக்க முயல்பவனுக்கு வண்டியோடு தோளும் போகும். எனக்குப் போனது. கிளட்ச் லீவர் பாதியில் ஒடிந்தது, கண்ணாடி உடைந்தது, லெக் கார்டில் ஒரு கீறல். எதிர் வீட்டுத் தம்பி ஓடி வந்து தூக்கிவிட்டான். தூக்கிவிட்டு, "பேசாம ஸ்கூட்டி வாங்கிக்குங்ணா" என்றான். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறவன்.

லீவர் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக், "நிக்கற வண்டிய விழ வைக்கிறவங்கதான்ணா எனக்குச் சோறு போடறாங்க" என்றார். பெரிய வண்டி அவரிடம் வருவதில் பாதிக்கு மேல் நின்றபடி விழுந்ததுதானாம். வேகமாகப் போய் விழுந்ததென்றால் அவரிடம் வருவதற்கு முன் வேறு இடங்களுக்குப் போக வேண்டியிருக்குமே.

இந்த 24 கிலோ எரிச்சல் தினமும் வருவது. சரி, பின்பக்கமாகவே உள்ளே விட்டு நிறுத்தினால் காலையில் எஞ்சின் போட்டு நேராக ஏறிவிடலாம் என்றால், சந்து எட்டடி அகலம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1,400 மில்லிமீட்டர் நீளமுள்ள வண்டியை அதில் திருப்ப முன்னே பின்னே என்று ஆறேழு முறை ஆட்ட வேண்டும். 100 சிசிக்கு அந்தப் பாடு இல்லை. சைடு ஸ்டாண்டில் போட்டு, பின்னால் உள்ள கம்பியைப் பிடித்து இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். அப்பா அந்தக் காலத்து டிவிஎஸ் 50-ஐ ஒரே கையால் அப்படித் தூக்கித் திருப்பி வைப்பார், வாயில் வெற்றிலை இருக்கும்.

என் தொழில் நூல். விசைத்தறிக்காரர்களிடம் சாம்பிள் கோன் கொடுப்பது, ஆர்டர் வாங்குவது, பழைய பாக்கியைக் கேட்பது. பாலம் தாண்டினால் பள்ளிபாளையம், அப்படியே குமாரபாளையம், பவானி, சில நாள் சென்னிமலை. ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 38 கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்கிறேன், வண்டியை நிறுத்தியது 27 முறை. ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு தறிக்கூடத்து வாசல்: மண் தரை, பக்கத்தில் சாக்கடை மூடி, நாம் டீ குடித்து முடிப்பதற்குள் பின்னால் வந்து ஒட்டி நிற்கும் டெம்போ. அன்று ஓட்டிப் போனது 350. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. ஓட்டிய களைப்பாக இருந்தால் இடுப்பு சொல்லியிருக்கும், அன்று வலித்ததெல்லாம் தோளும் மணிக்கட்டும்.

அதனால்தான் வண்டி கேட்டு வருகிறவர்களிடம் நான் வேகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை காலை ஊன்றுகிறாய், எந்தத் தரையில் ஊன்றுகிறாய் என்று கேட்கிறேன். நம் ஊரில் 100 சிசியும் 650 சிசியும் ஒரே கியர் வண்டி லைசென்ஸில் ஓடும். ஐரோப்பாவில் மாதிரி பெரிய வண்டிக்குத் தனி லைசென்ஸ் என்ற சட்டம் இங்கே இல்லை. பணம் இருந்தால் முதல் வண்டியே 200 கிலோ. ஓட்டத் தெரிந்த கை நம்மிடம் இருக்கிறது. நிறுத்தத் தெரிந்த கை இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை.

இவ்வளவு திட்டியாகிவிட்டது. பெரிய வண்டிக்கு நியாயமும் செய்ய வேண்டும். அதற்குச் சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே உள்ள தொப்பூர் மலைச்சாலைக்குப் போக வேண்டும்.

மைத்துனர் வீடு ஓசூரில். வருடத்துக்கு நாலைந்து முறை சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் போவோம். ஆரம்பத்தில் 100 சிசியில்தான் போனோம், நானும் மனைவியும் ஒரு பையும். சேலம் தாண்டினால் லாரி. லாரி 60-இல் போகும், நான் மூச்சைப் பிடித்து 70-இல் போவேன். ஒரு லாரியைக் கடக்க, முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்து 40 மீட்டர் முந்த வேண்டும் என்று வையுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் வித்தியாசத்தில் அதற்கு 14 வினாடிக்கு மேல் ஆகும், அதற்குள் ரோட்டில் 280 மீட்டர் போயிருப்போம். அந்த 14 வினாடியும் காதுக்குப் பக்கத்தில் லாரி டயர், பின்னால் லைட் அடிக்கும் கார். அதே லாரியை 85-இல் கடந்தால் ஆறு வினாடி, 140 மீட்டருக்குள் வேலை முடிந்தது. 350-இன் 20 குதிரைத்திறனை நான் வேகத்துக்கு என்று செலவழித்ததே இல்லை. லாரிக்குப் பக்கத்தில் இருக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் அது பயன்பட்டிருக்கிறது.

தொப்பூர் இறக்கம் தெரியும்தானே? எத்தனை விபத்துச் செய்தி படித்திருப்போம். ஓசூரிலிருந்து திரும்பும்போது அந்த இறக்கத்தில் 350-ஐ மூன்றாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றுக்குச் சின்ன வண்டி ஒரு முழம் நகரும், இது அசைவதில்லை. தெருவில் என் தோளைக் கழற்றிய அதே 195 கிலோதான் அங்கே எங்கள் இரண்டு பேரையும் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கோபம் வருகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏபிஎஸ் வேறு, அதாவது சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் அமைப்பு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் உள்ள எல்லாவற்றுக்கும் அது கட்டாயம் ஆனதால், 350-ஐ வாங்கியபோது தானாகக் கிடைத்தது. ஒரு மழை இரவில் குறுக்கே ஓடிய நாயின் உயிரையும் எங்கள் எலும்பையும் அது காப்பாற்றியது.

இன்னொரு விஷயம் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. முதல் முறை 350-இல் ஓசூர் போய் இறங்கியபோது மனைவி என்னிடம் சண்டை போடவில்லை. சின்ன வண்டியில் போன ஒவ்வொரு முறையும் கிருஷ்ணகிரிக்குள் ஒரு சண்டை நடந்துவிடும். காரணம் வண்டியின் நடுக்கம் என்று இரண்டு பேருக்குமே அதுவரை தெரியவில்லை. ஆனால் அவளே காய்கறி வாங்க என்றால் 350-இல் ஏற மாட்டாள். "அத நீங்க நிறுத்தறதுக்குள்ள நான் வாங்கிட்டு வந்துருவேன்."

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. சின்ன வண்டியின் செயின் முழுக்க மூடிய கவருக்குள் இருக்கிறது. மழை, புழுதி எதுவும் தெரியாது, அதை நினைத்தே மாதக்கணக்காகும். 350-இல் செயின் திறந்து கிடக்கிறது, 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும், மழைக்காலத்தில் அதற்கும் முன்னால். பஞ்சர் ஆனால் அழலாம். என்னுடையது ஸ்போக் வீல், உள்ளே டியூப். பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்றதும் ரோட்டோரக் கடைக்காரர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். எடுக்கிறவர்கள் அலாய் வீல், டியூப்லெஸ் டயர் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பெட்ரோல்: லிட்டருக்குச் சின்னது 62 கிலோமீட்டர், பெரியது 34. டேங்க் சின்னதாக இருந்தும் ஒரு தடவை நிரப்பினால் 100 சிசிதான் அதிக தூரம் போகிறது. நெடும்பயணத்துக்கு என்று விற்கப்படுவது மற்றது.

ஏற்கெனவே பெரியதை எடுத்துவிட்டவர்களுக்கு, தோளைக் கொடுத்து நான் கற்றதில் சிலது. சரிவில் நிறுத்தும்போது முன் சக்கரம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். எடுக்கும்போது வண்டியே பின்னால் உருண்டு வரும், நீங்கள் பிரேக்கை மட்டும் பிடித்தால் போதும். கடை வாசலில் இடம் இருக்கிறது என்று பாயாமல், வெளியே வர வழி இருக்கிறதா என்று பாருங்கள், பத்தடி தள்ளி நிறுத்தி நடப்பது கேவலம் இல்லை. சென்டர் ஸ்டாண்டு போடும்போது கையால் தூக்கவே கூடாது. ஸ்டாண்டின் மேல் உடல் எடையை முழுக்க ஏற்றி மிதித்தால் வண்டி தானே ஏறும். சாய ஆரம்பித்துவிட்டால் விட்டுவிடுங்கள். லீவர் புதிதாகக் கிடைக்கும்.

நண்பனுக்கு வருவோம். அவன் வீடு திண்டலில், வேலை பெருந்துறையில். நல்ல நாலுவழிச்சாலை. வீட்டு வாசல் சமதளம், அலுவலகத்தில் கூரை போட்ட பார்க்கிங். ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான் வண்டியை நிறுத்துகிறான், வருடத்துக்கு இரண்டு முறை மைசூருக்குப் போகிறான். என் கணக்குப்படி அவன் கண்ணை மூடிக்கொண்டு 350 எடுக்கலாம். 27 தடவை நிறுத்தும் நான்தான் அதை வைத்திருக்கவே கூடாது. இரண்டையும் அப்படியே அவனுக்கு எழுதி அனுப்பினேன். கணக்கில் நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "அப்ப உன் வண்டியவே எனக்குக் குடுத்துரு மாப்ள. நீதான் தள்ள முடியலைங்கிறயே, நல்ல வெல தர்றேன்."

யோசித்துப் பார்த்தேன். உனக்கெல்லாம் 125 போதும், அதையே எடு என்று எழுதி அனுப்பிவிட்டேன்.