ஹ்லுஹ்லுவே போகும்போது எந்தக் கேமரா: போனா, ஜூம் கேமராவா, பெரிய லென்ஸா?

ஜூலை பள்ளி விடுமுறை நெருங்கினால் டர்பனில் நம் வீடுகளில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி வனவிலங்குப் பூங்கா பற்றிய பேச்சு வந்துவிடும். என்-2 சாலையில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரப் பயணம். ஆடிக் கூழ் வேலைகள் தொடங்குமுன் போய் வந்துவிடலாம் என்று பலரும் கணக்குப் போடுவார்கள். கூடவே அந்தக் கேள்வியும் வரும்: போன் போதுமா, லென்ஸைக் கழற்றாமலே தூரத்தை இழுக்கும் ஜூம் கேமரா ஒன்று வாங்கலாமா, இல்லை யாரிடமாவது லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவையும் பெரிய லென்ஸையும் இரவல் கேட்கலாமா?

குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கு ஜூம் கேமராதான் என்பது என் கட்சி.

அங்கே அனுமதித்த இடங்கள் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. விலங்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ, அந்தத் தூரத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். போனின் முக்கிய லென்ஸ் 24 அல்லது 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். விலை கூடிய பல போன்களில், தூரத்தை இழுக்கும் டெலி லென்ஸ் 120 மி.மீ. வரை போகும். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தை வெட்டுவதுதான். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் ஆண் நியாலா மானை அப்படி எடுத்துப் பாருங்கள். விலாவில் இறங்கும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஈரத்தில் கலைந்த கோலம் போல ஆகிவிடும். ஆனால் யானை சாலையை மறித்து நிற்கும்போதும், மலைச்சரிவுகளையும் பின்சீட்டுப் பிள்ளைகளின் முகங்களையும் எடுக்கும்போதும் போனுக்கு ஈடு இல்லை.

மிரர்லெஸ் கேமராவில் 150-600 மி.மீ. லென்ஸ் மாட்டினால் கிடைக்கும் தரமே தனி. விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும், மங்கிய வெளிச்சத்திலும் தெளிவு அவ்வளவாகக் குறையாது. ஆனால் லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ அளவுக்குக் கனக்கும். யானை பக்கத்தில் வந்துவிட்டால் அந்த லென்ஸில் தும்பிக்கை மட்டும்தான் அடங்கும். மாற்றலாம் என்று கழற்றினால் மண் சாலைப் புழுதி, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் போய் உட்காரும். பொறுமையாக ஒரே இடத்தில் காத்திருப்பவருக்கு ஏற்ற கருவி இது. பின்சீட்டில் "அப்பா, போகலாம்" என்று குரல் எழும் வண்டிக்குச் சரிவராது.

ஜூம் கேமராவில் ஒரே லென்ஸ் பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் பார்த்துக்கொள்ளும். 2017இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 நல்ல உதாரணம்: 24 முதல் 600 மி.மீ. வரை, ஒரு இஞ்ச் சென்சார். 3000 மி.மீ. என்று விளம்பரம் செய்யும் கேமராக்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றின் சென்சார் மிகச் சிறியது. அதுவும் தவிர, வெயில் ஏறினால் தரையிலிருந்து கிளம்பும் கானலில் தூரத்து விலங்கு நெளிந்துதான் தெரியும். அதை எந்த லென்ஸும் சரிசெய்யாது.

எதை எடுத்துப் போனாலும் காலையை விடாதீர்கள். குளிர்காலத்தில் 6 மணிக்கு கேட் திறக்கும்போதே உள்ளே இருங்கள். ஜூலையில் புல் காய்ந்து கிடக்கும், விலங்குகள் தண்ணீருக்கு வரும், சாய்வான வெளிச்சம் மேலே விழும். எஞ்ஜினை அணையுங்கள், அதன் அதிர்வே படத்தைக் கலைக்கும். துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியைத் தளர்வாகக் கட்டி, இறக்கிய கண்ணாடியின் விளிம்பில் வைத்து லென்ஸை அதில் அமர்த்துங்கள். காருக்குள் ட்ரைபாட் விரிக்க இடம் கிடையாது, அரிசிப்பையே அந்த வேலையைச் செய்துவிடும். 600 மி.மீ.யில் ஷட்டர் வேகம், அதாவது படம் பதியும் நேரம், 1/600 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும், ஓடும் விலங்கென்றால் 1/1000 நொடியைவிட வேகமாக.

போனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் நூற்றுக்கும் குறைவாகத் தேய்ந்து, இந்தக் காட்டுப் பகுதியில்தான் பிழைத்தது. 2023இல் தென்னாப்பிரிக்காவில் திருட்டு வேட்டைக்காரர்கள் கொன்ற 499 காண்டாமிருகங்களில் 325 நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில். போன் எடுக்கும் படத்துக்குள் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிடலாம், அது அவர்களுக்கு வழிகாட்டிவிடும். போனோடு இணைத்த கேமராவும் அதைச் செய்யக்கூடும். கேட்டைத் தாண்டுமுன் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். காண்டாமிருகப் படத்தை வீடு திரும்பிய பிறகு, எந்தச் சாலை, எந்த நீர்நிலை என்று எழுதாமல் போடுங்கள்.