டெக்சஸ் கிராமத்து நிலம்: "வருஷ வரி 18 டாலர்தான்" என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள்

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டனில் இருந்துகொண்டு இரண்டு மணி நேரத் தொலைவில் பத்து ஏக்கர் வாங்கப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பதிவு. ஏமாற்று எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. விற்பவரோ தரகரோ போனை எடுத்து அந்தக் கவுண்ட்டியின் சொத்துப் பதிவைக் காட்டுவார். பெயர் சரி, ஏக்கர் சரி, வரி 18 டாலர், பாக்கி பூஜ்யம். நாமும் ஊரில் வீட்டு வரி ரசீதைப் பார்த்துத் தலையாட்டிய பழக்கத்தில் தலையாட்டிவிடுவோம். அந்தத் திரையில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. ஆனால் அந்த 18 டாலர் விற்பவரின் வரி, உங்களுடையது அல்ல. அந்தப் பூஜ்யமும் ஒரு அலுவலகத்தின் கணக்கு மட்டும்தான்.

முதலில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். டெக்சஸில் 254 கவுண்ட்டிகள். மாநிலத்துக்கென்று சொத்து வரி கிடையாது, எல்லாம் உள்ளூர் வரி. நிலத்துக்கு மதிப்புப் போடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். பணம் வாங்குவது டாக்ஸ் அசெஸர்-கலெக்டர் ஆபீஸ். பத்திரம் பதிவாகி இருப்பது கவுண்ட்டி கிளர்க்கிடம். மூன்றும் வேறு வேறு. நகரத்தை ஒட்டிய பெரிய கவுண்ட்டிகளில் எல்லா வரியையும் ஒரே இடத்தில் வசூலித்துவிடுவார்கள். கிராமத்துப் பக்கம் அப்படி நம்ப முடியாது. கவுண்ட்டி வரியை டாக்ஸ் ஆபீஸ் வாங்கும், பள்ளி மாவட்ட வரியை அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் வாங்கும், சில இடங்களில் பள்ளி மாவட்டமே தனியாக வாங்கும். இதில் பள்ளி வரிதான் பெரும்பாலும் மொத்தத்தில் பெரிய பங்கு. அதனால் டாக்ஸ் ஆபீஸ் பக்கத்தில் "பாக்கி 0.00" என்று இருக்கும்போதே பள்ளி வரி மூன்று வருஷமாகக் கட்டாமல் கிடக்கலாம். அந்தப் பாக்கி நிலத்தின் மேல்தான் நிற்கும். நிலம் கைமாறினால் கூடவே வரும். நிலத்து வரி பாக்கியை வசூலிக்க 20 வருஷம் வரை வழக்குப் போடலாம் என்பது சட்டம்.

எனவே அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் பதிவில் அந்தச் சொத்துக்குக் கீழே "டாக்ஸிங் யூனிட்" என்று வருகிற பட்டியலைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: கவுண்ட்டி, பள்ளி மாவட்டம், சாலை-பாலம், அவசரச் சேவை மாவட்டம், சில இடங்களில் மருத்துவமனை மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் யார் வசூல் என்று போனில் கேளுங்கள். இணையத்தில் தேடிக் களைப்பதைவிட இது வேகம். சின்ன ஊர்களில் மனிதர்களே போனை எடுப்பார்கள்.

இனி அந்த 18 டாலர் கதை. பதிவில் "மார்க்கெட் வேல்யூ" என்று ஒரு எண், "அப்ரைஸ்டு வேல்யூ" என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் "ஏஜி", "1-டி-1", "புரொடக்டிவிட்டி" என்று ஏதாவது கண்ணில் பட்டால், அது விவசாய மதிப்பீட்டில் இருக்கிற நிலம். சந்தை மதிப்பை விட்டுவிட்டு, மாடு மேய்ந்தால், புல் அறுத்தால் என்ன வருமானம் வருமோ அதை வைத்து மதிப்புப் போடுவார்கள். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 ஏக்கர், சந்தை மதிப்பு 1,20,000 டாலர். விவசாய மதிப்பு ஏக்கருக்கு 100 வீதம் 1,000 டாலர். எல்லா யூனிட்டும் சேர்த்து வரி விகிதம் 100 டாலருக்கு 1.80. விவசாய மதிப்பில் வரி 18 டாலர். சந்தை மதிப்பில் 2,160.

இந்தச் சலுகை நிலத்தோடு தானாக வருவதில்லை. உரிமையாளர் மாறினால் புதியவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். படிவ எண் 50-129, கடைசி நாள் ஏப்ரல் 30. தவறவிட்டால், அந்த ஆண்டின் மதிப்பீட்டுப் பட்டியல் இறுதியாகும் வரை (வழக்கமாக ஜூலை வாக்கில்) தாமதமாகவும் கொடுக்கலாம். மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதம். அதையும் விட்டால் அந்த வருஷம் போனது போனதுதான்.

விற்பவருக்கு வசதியாக, இந்த அடி உடனே விழாது. வரி நிலவரம் ஜனவரி 1-ஐ வைத்துத்தான். நீங்கள் ஆகஸ்டில் வாங்கினால் அந்த அக்டோபர் பில் பழைய சலுகையோடு 18 டாலர் என்றே வரும். குளோசிங்கில், அதாவது பணம் கொடுத்துப் பத்திரம் கைமாறும் நாளில், அந்த 18-ஐத்தான் நாள் கணக்கில் பிரித்துக் கழித்திருப்பார்கள். அடுத்த ஏப்ரல் 30 ஓசையில்லாமல் கடந்துவிடும். அதற்கடுத்த அக்டோபரில் 2,160. அப்போது தரகர் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் "நான் காட்டினது கவர்மெண்ட் ரெக்கார்டு சார்" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

இதைவிடப் பெரியது ரோல்பேக். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால், சந்தை மதிப்பு வரிக்கும் விவசாய மதிப்பு வரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடந்த 3 வருஷத்துக்குக் கட்ட வேண்டும். நம் கணக்கில் வருஷத்துக்கு 2,142, மூன்று வருஷத்துக்கு 6,426 டாலர். முன்பு 5 வருஷமும் வட்டியும் இருந்தது. 2019-ல் 3 வருஷமாகக் குறைத்தார்கள், 2021-ல் வட்டியை எடுத்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளைப் படித்துப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். நிலத்தில் ஒரு பகுதியில் மட்டும் ஸ்டோரேஜ் யூனிட் மாதிரி ஏதாவது போட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும்தான் ரோல்பேக். விண்ணப்பிக்க மறந்தால் சலுகை போகும். ரோல்பேக் வருவது உபயோகம் மாறினால். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விற்பனை ஒப்பந்தத்தில் ரோல்பேக் யார் தலையில் என்று ஒரு பத்தி இருக்கும். தரகர் வேகமாகப் புரட்டுகிற பக்கம் அதுதான்.

"நாலு தேனீப் பெட்டி வைங்க, வரி போயிடும்" என்ற யோசனையும் சுற்றுகிறது. தேனீ வளர்ப்பு 5 முதல் 20 ஏக்கர் வரைக்கும் விவசாயமாகச் செல்லும் என்பது உண்மை. ஆனால் அந்த நிலம் முந்தைய 7 வருஷத்தில் 5 வருஷமாவது விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும். குறைந்தது எத்தனை பெட்டி என்பதை ஒவ்வொரு கவுண்ட்டியும் தானே வைத்திருக்கும். தரகரின் "நாலு" அதில் வருமா என்பதை அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் கையேட்டில் பாருங்கள்.

குறைந்த வரிக்கு வேறு காரணங்களும் உண்டு. பதிவில் "எச்எஸ்" என்றால் குடியிருக்கும் வீட்டுக்கான விலக்கு, "ஓவி65" என்றால் 65 வயதுச் சலுகை, "டிவி" என்றால் ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினருக்கானது. எதுவும் விற்பவரோடு போய்விடும். இதில் ஓவி65 இருந்தால் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: "டாக்ஸ் டெஃபரல் இருக்கிறதா?" 65 தாண்டியவர் வரியைக் கட்டாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம். வழக்கு வராது. ஆனால் வருஷத்துக்கு 5 சதவீத வட்டியோடு அது நிலத்தின் மேல் ஏறிக்கொண்டே இருக்கும். பெரியவர் இறந்தபின் பிள்ளைகள் விற்கிற இடங்களில் இது திடீரென்று தலைகாட்டும்.

பதிவில் உரிமையாளர் பெயர் இருக்கிற இடத்தை நிதானமாகப் படியுங்கள். பெயருக்குப் பின்னால் "எட் ஆல்" என்று இருந்தால், நம் ஊர்ப் பத்திரத்தில் "வகையறா" என்பதுதான் அது. எதிரில் நிற்கிறவர் ஒருவர், பங்குதாரர்கள் ஏழு பேர். "எஸ்டேட் ஆஃப்" என்றால் உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசுக் கணக்கு முடிந்திருக்கவில்லை. "லைஃப் எஸ்டேட்" என்றால் ஆயுள் வரை அனுபோகம் ஒருவருக்கு, அதன்பின் சொத்து வேறொருவருக்கு. "யுடிஐ 25%" என்று கண்டால் அது பிரிக்கப்படாத கால் பங்கு. வேலி போட்டு இதுதான் என் கால் பங்கு என்று காட்ட முடியாது. எப்படி இருந்தாலும், வரிப் பதிவில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்று இல்லை. பட்டாவில் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்கிற ஊர் நினைப்பை இங்கே கொண்டுவராதீர்கள். உரிமைக்குக் கவுண்ட்டி கிளர்க்கிடம் உள்ள பத்திரங்கள், அதற்கு மேல் டைட்டில் கம்பெனியின் (உரிமைப் பத்திரங்களைச் சரிபார்க்கும் நிறுவனம்) தேடல்.

சொத்து விவரத்தில் "ஏபிஎஸ் 214, டிராக்ட் 7பி" என்பது போல இருக்கும். அந்த அப்ஸ்ட்ராக்ட் எண் ஆதியில் நிலத்தை வழங்கியபோது போட்ட சர்வேயைக் குறிக்கும். பழைய பத்திரங்களில் அளவு அடியில் இருக்காது, "வாரா" என்ற ஸ்பானிய அளவில் இருக்கும். ஒரு வாரா 33⅓ அங்குலம். 300 வாரா என்பது 833 அடி சொச்சம். அதை 300 அடி என்று படித்தால் வேலி எங்கேயோ போய் நிற்கும். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் வரைபடத்தில் மஞ்சள் கோடு போட்டுக் காட்டுவதும் எல்லை அல்ல, சர்வேயர் வந்து அளந்தால்தான் எல்லை.

ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். மேலே நிற்கிற மொபைல் ஹோமுக்குத் தனிக் கணக்கு, தனிப் பாக்கி இருக்கலாம். எண்ணெய், எரிவாயு உரிமை யாரோ ஒருவர் பெயரில் வேறு கணக்காக ஓடும். பெரிய நிலத்தை வெட்டி விற்கிறார்கள் என்றால் உங்கள் துண்டுக்கு இந்த வருஷம் தனி எண்ணே இருக்காது. மொத்த நிலத்துக்கும் ஒரே பில் விற்பவர் பெயரில் போகும். அவர் கட்டாவிட்டால் உங்கள் துண்டின் மேலும் அந்தப் பாக்கி நிற்கும்.

பதிவின் அடியில் உள்ள பத்திர வரலாற்றில் "ஷெரீஃப்ஸ் டீட்" அல்லது "கான்ஸ்டபிள்ஸ் டீட்" சமீபத் தேதியில் இருந்தால் கை வைக்காதீர்கள். வரி பாக்கிக்காக ஏலம் போன நிலம் அது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஏலத்தில் எடுத்து, மறு மாதமே "குயிட்கிளெய்ம்" பத்திரத்தில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ள அவகாசம் உண்டு: பொதுவாக 180 நாள், குடியிருந்த வீடு அல்லது விவசாய நிலம் என்றால் 2 வருஷம். ஏலத்தில் 4,000 டாலருக்கு எடுத்ததை உங்களுக்கு 15,000-க்கு விற்றார் என்று வையுங்கள். முதல் வருஷத்தில் பழையவர் மீட்டால் அவர் தருவது 4,000, அதில் 25 சதவீதம், சில செலவுகள். சுமார் 5,000. மீதி பத்தாயிரத்துக்கு நீங்கள் யாரைப் பிடிப்பீர்கள்? குயிட்கிளெய்ம் எழுதியவர் எந்த உத்தரவாதமும் தரவில்லை என்று அந்தப் பத்திரமே சொல்லும்.

முன்பணம் கொடுக்கும் முன் வசூலிக்கிற ஒவ்வொரு அலுவலகத்திடமும் "டாக்ஸ் சர்டிஃபிகேட்" கேளுங்கள். ஒன்றுக்கு 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. வலைத்தளத்தின் பூஜ்யத்துக்கு இல்லாத பலம் இதற்கு உண்டு: பாக்கி இல்லை என்று இவர்கள் தவறாக எழுதிக் கொடுத்து, அந்தச் சான்றிதழோடு விற்பனை நடந்தால், அந்த யூனிட்டின் பழைய பாக்கி உங்கள் நிலத்தின் மேல் நிற்காது. இனிமேல் வரக்கூடிய ரோல்பேக்கை மட்டும் இது தடுக்காது.

வாங்கிய பிறகு தபால் முகவரியை அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பில் வரவில்லை என்ற காரணம் செல்லாது. ஜனவரி 31 தாண்டினால் பிப்ரவரியில் 7 சதவீதம், பிறகு மாதம் 2 சதவீதம் ஏறி ஜூனில் 15, ஜூலையில் 18. அதன்மேல் வசூல் வக்கீலுக்கு 20 சதவீதம் வரை. அந்த 2,160 டாலர் ஜூலையில் 3,058 ஆகிவிடும்.

பத்திரம் பதிவான சில வாரங்களில் அரசாங்க முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு ஒரு கடிதமும் வரும்: பத்திர நகலுக்கு நூறு டாலர் அனுப்பு, வீட்டு விலக்குக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கட்டு என்று. கவுண்ட்டி கிளர்க்கிடம் சாதா நகல் பக்கத்துக்கு 1 டாலர், சான்றிட்ட நகல் என்றால் மேலும் 5. விலக்குப் படிவம் 50-114-க்குக் கட்டணமே கிடையாது.